"அந்த பி.ஜி.எம் எந்தப் படம் பாஸ்?" - பின்னணி இசைப் பிரியர்களுக்கு ஒரு குட்டி கைடு

நண்பரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 30 நொடி இசை ஓடுகிறது. பாட்டு இல்லை, வரிகள் இல்லை. ஒரு புல்லாங்குழல், கூடவே மெல்லிசாக வயலின்கள், அவ்வளவுதான். கேட்டதும் என்னமோ பண்ணுது. உடனே "இது எந்தப் படம்?" என்று மெசேஜ் போடுகிறீர்கள். "தெரியல மச்சி, ரீல்ஸ்ல வந்துச்சு" என்று பதில் வருகிறது.

பி.ஜி.எம் பைத்தியங்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. பாட்டு என்றால் ஒரு வரி ஞாபகம் இருந்தாலே போதும், கூகுளில் தட்டிக் கண்டுபிடித்துவிடலாம். பின்னணி இசைக்கு அப்படி வரி கிடையாது. பெரும்பாலும் தலைப்பும் கிடையாது. 'சேட் பி.ஜி.எம்', 'மாஸ் பி.ஜி.எம்' என்று யாரோ வைத்த பெயரோடு கை மாறிக் கை மாறி வரும். கடைசியில் படமும் தெரியாது, போட்டவரும் தெரியாது.

அதனால் பி.ஜி.எம் என்றால் என்ன, அது எப்படி உருவாகிறது, எதைக் கவனித்துக் கேட்பது, எங்கிருந்து ஆரம்பிப்பது, ரசித்ததை எப்படிப் பகிர்வது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். ஹெட்போன் ரெடியா?

பாட்டு வேற, ஆர்.ஆர் வேற

கோடம்பாக்கத்தில் பின்னணி இசை சேர்க்கும் வேலையை 'ரீ-ரெக்கார்டிங்' என்பார்கள். சுருக்கமாக 'ஆர்.ஆர்'. ஹாலிவுட்டில் இதே வார்த்தைக்கு வசனம், ஓசை, இசை மூன்றையும் கலக்கும் மிக்ஸிங் வேலை என்று அர்த்தம். அங்கே பின்னணி இசையை 'ஸ்கோர்' என்பார்கள். யூடியூபில் வெளிநாட்டு வீடியோக்கள் பார்க்கும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் குழப்பம் வராது.

பாட்டு படத்துக்கு வெளியிலும் தனியாக வாழும். பின்னணி இசை ஒரு காட்சிக்காகவே பிறப்பது. ஹீரோ கதவைத் திறக்க 4 நொடி ஆகிறது என்றால், இசையும் அந்த 4 நொடிக்குள் எழுந்து அடங்க வேண்டும். இது தனித் திறமை என்பதால்தான் தேசியத் திரைப்பட விருதுகளில் 2009-ம் ஆண்டுப் படங்களிலிருந்து பாடல்களுக்கு ஒரு விருது, பின்னணி இசைக்கு ஒரு விருது என்று பிரித்தார்கள். அந்த ஆண்டின் பின்னணி இசை விருது 'பழஸிராஜா'வுக்காக இளையராஜாவுக்குப் போனது. பிறகு 'தாரை தப்பட்டை'க்காக மறுபடியும் அவருக்கு, 'சூரரைப் போற்று'க்காக ஜி.வி.பிரகாஷுக்கு, 'பொன்னியின் செல்வன் - 1'-க்காக ஏ.ஆர்.ரஹ்மானுக்கு என்று தமிழ் சினிமா இந்தப் பட்டியலில் நன்றாகவே இடம்பிடித்திருக்கிறது.

பேசும் படங்கள் வந்த புதிதில், "காட்சியில் வாத்தியமே தெரியலையே, அப்புறம் இசை எங்கிருந்து வருது?" என்று ஜனங்கள் கேட்பார்களோ என்ற தயக்கம் ஹாலிவுட்டில் இருந்தது. அந்தத் தயக்கத்தை உடைத்த படங்களில் முக்கியமானது 1933-ல் வந்த 'கிங் காங்'. அதற்கு மேக்ஸ் ஸ்டெய்னர் போட்ட இசைதான், ஒரு ராட்சத பொம்மைக் குரங்குக்காகப் பார்வையாளர்களைக் கலங்க வைத்தது.

ஒரு பி.ஜி.எம் எப்படி உருவாகிறது?

முதல் படி, ஸ்பாட்டிங். எடிட் முடிந்த படத்தை இயக்குநரும் இசையமைப்பாளரும் சேர்ந்து பார்ப்பார்கள். இசை எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எங்கே வரவே கூடாது என்று முடிவு செய்வார்கள். இப்படிப் பிரித்த ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் 'க்யூ'. நீங்கள் ஸ்டேட்டஸில் கேட்ட அந்த 30 நொடியும் ஏதோ ஒரு க்யூவின் பகுதிதான்.

அடுத்தது டெம்ப் டிராக். இசை தயாராகும் முன்பே எடிட்டிங் நடக்கும் என்பதால், ஏற்கெனவே உள்ள இசையைத் தற்காலிகமாக ஒட்டிப் பார்ப்பார்கள். ஆபத்தும் இங்கேதான். ஒட்டிய இசை இயக்குநருக்குப் பழகிவிட்டால் புதுசு எதுவும் பிடிக்காது. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை ஸ்டான்லி குப்ரிக் ஒதுக்கிவிட்டு, மேற்கத்திய செவ்வியல் இசையையே வைத்துக்கொண்டார். இன்று ஒரு பி.ஜி.எம் வேறொரு படத்தின் இசை போலக் கேட்டால், டெம்ப் டிராக்கும் ஒரு காரணமாக இருக்கலாம். "காப்பி" என்று மீம் போடும் முன் இதையும் யோசிங்க.

பிறகு இசை எழுதுவதும் ஒலிப்பதிவும். இளையராஜா ரீலைப் பார்த்துவிட்டு, வாத்தியம் எதையும் தொடாமல் நேராகப் பேப்பரில் ஸ்வரக் குறிப்புகளை எழுதித் தருவார் என்பது கோடம்பாக்கத்தில் எல்லோரும் சொல்லும் செய்தி. 80-களில் வாத்தியக் கலைஞர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, திரையில் காட்சி ஓட ஓட வாசித்தார்கள். இன்று ஒரு லேப்டாப்பிலேயே முழு ஆர்கெஸ்ட்ராவின் சத்தத்தையும் கொண்டுவந்துவிட முடியும். ஆனாலும் மூச்சுக்காற்று கலந்த நிஜப் புல்லாங்குழலுக்கு மவுசு குறையவில்லை.

சில நேரம் இந்த வரிசையே தலைகீழாகும். 'ஜோக்கர்' (2019) படத்துக்கு ஹில்டர் குட்னடோட்டிர், ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு படப்பிடிப்புக்கு முன்பே செல்லோவில் இசை எழுதினார். பாத்ரூமில் வாக்கின் ஃபீனிக்ஸ் மெதுவாக ஆடுகிறாரே, அது அந்த இசையைக் கேட்டுக்கொண்டே ஆடியது. 'இன்டர்ஸ்டெல்லார்' (2014) படத்துக்கு கிறிஸ்டோஃபர் நோலன், ஹான்ஸ் ஸிம்மரிடம் அது விண்வெளிப் படம் என்றே சொல்லவில்லை. ஓர் அப்பாவுக்கும் பிள்ளைக்குமான உறவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, அதற்கு இசை கேட்டார். பிளாக் ஹோலைச் சுற்றும்போதும் அந்த இசை நம் நெஞ்சைத் தொடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேட்கும்போது எதைக் கவனிக்கணும்?

திரும்பி வரும் மெட்டு. 'ஜாஸ்' (1975) படத்தில் ஜான் வில்லியம்ஸ் பயன்படுத்தியது முக்கியமாக இரண்டே இரண்டு ஸ்வரங்கள். அது கேட்டால் சுறா வருகிறது என்று அர்த்தம். ஒரு காட்சியில் சிறுவர்கள் அட்டைத் துடுப்பை வைத்து ஊரை ஏமாற்றுவார்கள். அங்கே அந்த இசை வராது. இசை பொய் சொல்லாது என்று நம்ப வைத்துவிட்டு, பிறகு அந்த நம்பிக்கையை வைத்தே நம்மைப் பயமுறுத்துவார்கள்.

நம்மூரிலும் இதற்குப் பிரமாதமான உதாரணங்கள் உண்டு. 'நாயகன்' (1987) படத்தில் 'தென்பாண்டிச் சீமையிலே' மெட்டு, வேலு நாயக்கரின் வாழ்க்கை நெடுகக் கூடவே நடந்து வரும். 'தளபதி' (1991) படத்தில் தாலாட்டின் மெட்டு, அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் அறியாமல் பக்கத்தில் வரும்போதெல்லாம் எட்டிப் பார்க்கும். அவர்களுக்குத் தெரியாத உண்மை நமக்குத் தெரியும். அதை நமக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பது இசை.

எந்த வாத்தியம், ஏன்? 'சைக்கோ' (1960) படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே பயன்படுத்தினார். குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். ஹெர்மன் போட்டுக் காட்டியதும் மனசை மாற்றிக்கொண்டார். வயலின்கள் கிறீச்சிடும் அந்தச் சத்தம் இல்லாமல் அந்தக் காட்சியை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா? 'இன்டர்ஸ்டெல்லார்' இசைக்கு ஸிம்மர் தேர்ந்தெடுத்தது லண்டன் டெம்பிள் சர்ச்சில் உள்ள பைப் ஆர்கன். காற்றால் இயங்கும் வாத்தியம் அது. மூச்சுக் காற்றுக்கே போராடும் மனிதர்களின் கதைக்கு அது எவ்வளவு பொருத்தம் பாருங்க.

நேரத்தோடு விளையாட்டு. 'டன்கிர்க்' (2017) முழுக்க ஒரு கடிகாரச் சத்தம் கேட்கும். அது நோலனின் சொந்தக் கடிகாரத்தைப் பதிவு செய்து பயன்படுத்தியது. கூடவே 'ஷெப்பர்ட் டோன்' என்ற ஒலி மாயமும் உண்டு. சுருதி ஏறிக்கொண்டே போவது போலத் தோன்றும், ஆனால் உச்சம் வரவே வராது. படம் பார்க்கும்போது சீட் நுனியிலேயே உட்கார்ந்திருந்தோமே, அதற்கு இதுவும் காரணம்.

அமைதி. 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்' (2007) படத்தில் இசை ஏறக்குறைய இல்லவே இல்லை. அதனால்தான் கசங்கிய உறை விரியும் சத்தம்கூட நமக்குத் திக் திக் என்கிறது. இசையமைப்பாளர் எங்கே வாசிக்காமல் விட்டார் என்பதும் ரசிக்க வேண்டிய விஷயம்தான்.

இதையெல்லாம் பழக ஓர் எளிய வழி இருக்கு. பிடித்த ஒரு காட்சியை மூன்று முறை ஓடவிடுங்கள். முதல் முறை சாதாரணமாக. இரண்டாவது முறை சத்தத்தை மியூட் செய்து, காட்சியை மட்டும் பாருங்கள். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு, காதால் மட்டும் கேளுங்கள். இசை எந்த நொடியில் நுழைந்தது, யார் முகத்தைப் பார்த்ததும் மாறியது என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். ஹெட்போனில் பாஸ் பூஸ்ட் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். பின்னால் மெல்லமாக ஓடும் வயலின்களை அது விழுங்கிவிடும்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

இது தரவரிசை இல்லை. எந்த மூடில் இருக்கிறீர்களோ, அங்கிருந்து நுழையலாம்.

மழை நாள், ஜன்னலோர சீட்: ரஹ்மானின் 'பம்பாய்' தீம் (1995). அந்தப் புல்லாங்குழலை வாசித்தவர் நவீன் குமார். 'ஃபயர்', ஹாலிவுட்டின் 'லார்டு ஆஃப் வார்' என்று மற்ற படங்களிலும் இந்த இசை ஒலித்திருக்கிறது.

படிக்கும்போது: இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986). சினிமாவுக்காகப் போட்டதல்ல, தனி ஆல்பம். தியாகராஜரையும் பாஹையும் ஒரே மேடையில் உட்கார வைத்த முயற்சி. முதன்மை வயலின் வி.எஸ்.நரசிம்மன். பாலுமகேந்திரா தனது 'வீடு' படத்தில் இந்த இசையைப் பயன்படுத்தினார்.

ரெட்ரோ மூட்: 'புன்னகை மன்னன்' (1986) தீம். சிந்தசைசர் புதுசாக இருந்த காலத்தில் போட்டது. கேட்டுவிட்டு வருஷத்தை இன்னொரு முறை பாருங்கள்.

இரவில் தனியாக: 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013). பாட்டே இல்லாத படம். இங்கே இசை பின்னால் நிற்கவில்லை என்று சொல்லும் விதமாக, 'பின்னணி இசை' என்பதை 'முன்னணி இசை' என்று மாற்றிப் போட்டார் மிஷ்கின்.

ரத்தம் சூடேற: யுவனின் 'புதுப்பேட்டை' (2006). சென்னை கேங்ஸ்டர் கதைக்குத் தாய்லாந்தின் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. கூடவே சாம் சி.எஸ்-ஸின் 'விக்ரம் வேதா' (2017) தீமையும் சேர்த்துக்கோங்க.

பழைய காதல் ஞாபகம் வந்தால்: '96' (2018). இசையமைத்த கோவிந்த் வசந்தாவே வயலின் கலைஞர் என்பதை ஒவ்வொரு இழுப்பும் சொல்லும்.

ஊர் விட்டு ஊர்: சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' (1955). பண்டிட் ரவிசங்கர் ஒரே நீண்ட அமர்வில் பதிவு செய்து கொடுத்த இசை.

கடல் தாண்டி: என்னியோ மொரிக்கோனேவின் 'தி எக்ஸ்டஸி ஆஃப் கோல்டு' ('தி குட், தி பேட் அண்ட் தி அக்லி', 1966). வார்த்தையே இல்லாமல் உருக்கும் அந்தக் குரல் எட்டா டெல்ஓர்சோவுடையது. ஜோ ஹிசைஷியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) பியானோ. வாங் கார்-வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' (2000) படத்தில் வரும் 'யுமேஜி'ஸ் தீம்'. கடைசியாகச் சொன்னதை ஷிகேரு உமெபயாஷி எழுதியது முதலில் வேறொரு ஜப்பானியப் படத்துக்கு. சில இசை தனக்கான காட்சியைத் தேடிக்கொண்டு போகும் போல.

ஒரு டிப்ஸ். தமிழ்ப் படங்களுக்கு ஆப்பில் வெறும் 'சவுண்ட்டிராக்' என்று தேடினால் பெரும்பாலும் பாட்டுகள்தான் வரும். படத்தின் பெயரோடு 'ஒரிஜினல் பேக்கிரவுண்ட் ஸ்கோர்' என்று சேர்த்துத் தேடுங்கள். பாட்டு ஆல்பம் படத்துக்கு முன்பே வந்துவிடும். பி.ஜி.எம் ஆல்பம் வந்தால், அநேகமாக ரிலீஸுக்குப் பிறகுதான் வரும்.

ஆல்பமாகவே வராத பொக்கிஷம்

இனிமேல்தான் விஷயமே இருக்கு. இசைத்தட்டு, கேசட் காலத்தில் விற்றது பெரும்பாலும் பாட்டுதான். அதனால் 70, 80-களின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் பின்னணி இசை தனியாக வெளியாகவே இல்லை. வசனம், காலடி ஓசை, பஸ் ஹாரன் எல்லாவற்றோடும் கலந்து, படத்துக்குள் மட்டுமே அது இருக்கிறது.

'மௌன ராகம்' பி.ஜி.எம் என்று நீங்கள் கேட்பது பெரும்பாலும் யாரோ ஒரு ரசிகர் படத்திலிருந்து பொறுமையாக வெட்டி எடுத்ததுதான். நடுவே ஒரு வசனம் குறுக்கிடும், கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அதை நீக்கி இசையை மட்டும் சுத்தமாகத் தர வேண்டும் என்றால், அன்று தனியாகப் பதிவான நாடா வேண்டும். காந்த நாடா சாகாவரம் பெற்றதல்ல. வெப்பம், ஈரம், பூஞ்சை எல்லாமே அதைத் தின்னும். நாடா போனால், படத்தின் பிரின்ட் போனால், அந்த இசையும் போச்சு.

பாட்டு கண்டுபிடிக்கும் ஆப்கள் பி.ஜி.எம்-மில் திணறுவதற்கும் காரணம் இதுவே. அவை செய்வது என்ன? நீங்கள் கேட்க வைக்கும் ஒலியின் 'கைரேகை'யை, தங்களிடம் உள்ள வெளியான பதிவுகளின் கைரேகைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. வெளியாகவே இல்லாத இசைக்கு அங்கே ரேகையே இருக்காது. வேகத்தைக் குறைத்து, எக்கோ சேர்த்துப் போடும் 'ஸ்லோடு' வெர்ஷன்களிலும் ரேகை மாறிவிடும்.

அப்படியென்றால் "இது எந்தப் படம்?" என்ற கேள்விக்குப் பதில் எங்கே இருக்கிறது? சில மனிதர்களின் ஞாபகத்தில். டி.வி-யில் அந்தப் படத்தைப் பத்து முறை பார்த்த உங்கள் அக்காவிடம், "இது ரெண்டாவது பாதியில ரயில்வே ஸ்டேஷன் சீன்ல வரும்டா" என்று சட்டென்று சொல்லும் சித்தப்பாவிடம். அவர்கள் சொல்லாமல் விட்டால், நாமும் எழுதி வைக்காமல் விட்டால், இசை மிச்சமிருக்கும், அதற்கு உரியவர்கள் பெயர் மிச்சமிருக்காது.

பகிரும்போது பேரையும் சேர்த்துப் பகிருங்க

பி.ஜி.எம் ரசிகர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். அடுத்த முறை ஒரு துண்டை அனுப்பும்போது இந்த 5 விஷயங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.

1. படத்தின் பெயர், வருடம். ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருப்பதால் வருடம் முக்கியம். 'விக்ரம்' என்றால் 1986-ஆ, 2022-ஆ? முன்னதற்கு இளையராஜா, பின்னதற்கு அனிருத்.

2. இசையமைப்பாளர்.

3. காட்சி. "இன்டர்வெலுக்கு முன், மாடியில் இருவரும் பேசாமல் நிற்கும்போது" என்ற அளவுக்குச் சொன்னால் போதும்.

4. நேரம். ஓ.டி.டி-யில் பார்த்தால் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று குறிப்பிடுங்கள். கேட்பவர் நேராக அங்கே போய்விடலாம்.

5. வாசித்தவர் பெயர், உறுதியாகத் தெரிந்தால் மட்டும். 'இன்டர்ஸ்டெல்லார்' ஆர்கனுக்கு ரோஜர் சேயர், 'பம்பாய்' புல்லாங்குழலுக்கு நவீன் குமார் என்று நமக்குத் தெரிகிறது. டைட்டில் கார்டில் இடம் கிடைக்காத எத்தனையோ விரல்கள் இன்னும் பெயர் தெரியாமலே இருக்கின்றன.

சந்தேகமாக இருந்தால் 'இளையராஜா மாதிரி இருக்கு, உறுதியா தெரியல' என்றே எழுதுங்கள். தப்பான பெயர் ஒருமுறை பரவினால் அதைத் திருத்துவது கஷ்டம். 80-களின் படம் என்றாலே ராஜா என்று நினைத்துவிட வேண்டாம். சங்கர்-கணேஷ், சந்திரபோஸ், டி.ராஜேந்தர், எம்.எஸ்.வி என்று பலரும் அப்போது சுறுசுறுப்பாக இயங்கிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. அதிகாரபூர்வ ஆல்பம் இருந்தால் அதன் லிங்க்கையே அனுப்புங்கள். மக்கள் பி.ஜி.எம் ஆல்பம் கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் நிறுவனங்கள் பழைய நாடாக்களைத் தேடி எடுக்கும். அடுத்தவர் இசையை வெட்டி, உங்கள் வீடியோவில் போட்டுக் காசு பார்ப்பது காப்பிரைட் சிக்கலில் கொண்டுபோய் விடும், அது வேண்டாம்.

அப்புறம் 'ராஜாவா, ரஹ்மானா' சண்டை. நட்பு குரூப்களில் பி.ஜி.எம் பேச்சு ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் இது வந்துவிடும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த சீன்?" காட்சியைச் சொல்லிப் பேச ஆரம்பித்தால், சண்டை போட்டவர்கள்கூட ஹெட்போனை மாற்றிக்கொள்வார்கள்.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கேலரியிலோ, சேவ் செய்த ரீல்ஸிலோ பெயர் தெரியாத ஒரு பி.ஜி.எம் நிச்சயம் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் போட்டுக் காட்டி, "இது எந்தப் படம்?" என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் படத்தைத் தேடிப் பிடித்து அந்தக் காட்சியைப் பாருங்கள். பிறகு மேலே சொன்ன 5 விவரங்களோடு அதே துண்டை மறுபடி ஸ்டேட்டஸில் வையுங்கள். "எந்தப் படம் பாஸ்?" என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. "வேற என்ன கேட்குறீங்க?" என்றுதான் கேட்பார்கள்.